நான்தான் பேசறேன்

கூடத்தில் பெரியவளின் உடம்பைக் கிடத்தி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவளுடைய செல்போன் சமையலறை மேடைமேல் கிடந்து விடாமல் அடித்தது. தம்ளர் கழுவிக்கொண்டிருந்த சின்னவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். யோசிப்பதற்குள் நாற்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

“ஹலோ, சொல்லுப்பா. நான்தான் பேசறேன்.”

மறுமுனையில் எதுவோ கீழே விழுந்தது, இணைப்பு அறுந்தது. திரையில் பார்த்தால் ‘ரசிகர் மன்றம்’ என்றிருந்தது. பாவம், டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டுத் துக்கம் கேட்கக் கூப்பிட்ட மனுஷன். செத்தவளே போனை எடுத்து ‘நான்தான்’ என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும். சின்னவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அடக்க முடியாமல் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, அதுதான் வெட்கக்கேடு.

அக்கா மகள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது அவளுக்கு.

“சித்தி, உங்க கால்ல வேணா விழறேன். இன்னிக்கு ஒரு நாள் யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க.”

சரி என்று தலையாட்டினாள். அறுபத்தொரு வயதிலும் இந்த வீட்டில் அவள் சின்னவள்தான். தலையாட்டுவது அவளுக்குப் புதிதல்ல.

பெரியவள் நாற்பது வருடமாகச் சினிமாவில் அம்மாவாக நடித்தவள். கதாநாயகர்கள் மூன்று தலைமுறை மாறிவிட்டார்கள், அம்மா மாறவில்லை. ஆனால் ஒரு படத்தில்கூட அவள் பேசியது கிடையாது. முதல் படத்தைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர், முகம் என்னவோ தாய் முகம்தான், தொண்டை மட்டும் லாரி டிரைவருடையது என்றார். அக்காவுக்குத் துணையாக வந்து மூலையில் உட்கார்ந்திருந்த தங்கையை மைக் முன்னால் நிறுத்தினார்கள். படம் ஓடியது. நாலு பேருக்குத் தெரிய வேண்டாம், ராசி போய்விடும் என்றார்கள். படப்பிடிப்பிலும் ஸ்டூடியோவிலும் கூட இருப்பவர்களுக்குத் தெரியும், அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து பெரியவள் பேட்டி கொடுத்ததில்லை, மேடையில் பேசியதில்லை. என்ன அடக்கம் என்று பத்திரிகைகள் எழுதின. அடக்கமாம்! வீட்டில் அவள் காப்பி கேட்டால் அடுத்த தெரு நாய் குரைக்கும். ரசிகர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுவது சின்னவள். ‘நான்தான்ப்பா பேசறேன், நல்லாப் படிக்கிறியா’ என்று யாரோ பெற்ற பிள்ளைகளை விசாரித்து விசாரித்தே அவள் வயது போய்விட்டது.

ஒருமுறை, குரலாலேயே ஊரை அழவைத்தவர் என்று மேடையில் வாசித்துப் பெரியவளுக்கு விருது கொடுத்தார்கள். சின்னவள் நாலாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். வீட்டுக்கு வந்ததும் பெரியவள் அந்தக் கேடயத்தை இவளுடைய அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். பெருந்தன்மையைப் பார், என்று சின்னவள் அதை எடுத்து மறுபடி கூடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

குரலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளால் தாங்கவே முடியாதது அந்தப் புறங்கை. உணர்ச்சி முற்றுகிற இடத்தில் பெரியவள் புறங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஒரு விநாடி, இரண்டு விநாடி. தியேட்டரே விசும்பும். பலகுரல் கலைஞர்கள் அதைச் செய்து கைதட்டல் வாங்கினார்கள், சின்னப் பெண்கள் கண்ணாடி முன்னால் செய்து பார்த்தார்கள். உண்மை என்னவென்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சின்னவள் நினைத்திருந்தாள். வசனம் மறந்துபோகிறது மகாராணிக்கு, அதனால் வாயை மூடிக்கொள்கிறாள். ஸ்டூடியோவில் ரகசியம் போல இதைப் பலரிடம் சொல்லியும் இருக்கிறாள்.

பத்து மணிக்குக் கூட்டம் நெரிந்தது. கூடத்து டி.வி.யைச் சத்தமில்லாமல் வைத்திருந்தார்கள், அதில் பெரியவள் ஊமையாக அழுதுகொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். அந்தக் குரல் போதுமே, இனி அந்தக் குரலுக்கு எங்கே போவது. குரல் இங்கேதான், தம்ளர் கழுவுகிறது, என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. மற்றவர்கள் அழ அழத் தனக்குச் சேர வேண்டியது கண்ணெதிரே கொட்டிப்போவது போலிருந்தது.

ஹீரோ வந்தான். ஏழு படங்களில் பெரியவளுக்கு மகன். உடம்பின் காலடியில் உட்கார்ந்து நிஜமாகவே குலுங்கி அழுதான். என்னைப் பெத்தவகூட ‘சாப்டியாப்பா’ன்னு இப்படிக் கேட்டதில்லை என்று டி.வி.க்காரர்களிடம் சொன்னான். சொல்லிவிட்டுப் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான். சின்னவள் பல்லைக் கடித்தாள். அந்த ‘சாப்டியாப்பா’வை அவள் நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில், இருபத்திரண்டு தடவை பேசியிருக்கிறாள்.

டி.வி.க்காரப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மைக்கை நீட்டினாள். “மேடம், நீங்க தங்கச்சிதானே? அக்காவைப் பத்தி ரெண்டு வார்த்தை.”

நீட்டிய மைக். நாற்பது வருடமாக யாரும் வெளிச்சத்தில் வைத்து இவளிடம் மைக்கை நீட்டியதில்லை. இருட்டறைக்குள் வைத்துத்தான் நீட்டினார்கள். நீங்க அழுதீங்களே, அந்தக் குரல் என்னோடது. ஐந்தே வார்த்தை, சொன்னால் முடிந்தது. அக்கா மகள் தூரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். சின்னவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

விசில் சத்தம்தான் வந்தது. காலையிலிருந்து குவிந்த பூவும் ஊதுவத்திப் புகையும் நெஞ்சை அடைத்துவிட்டன. சின்ன வயதிலிருந்தே கூட இருக்கும் ஆஸ்துமா. அவள் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்த ஹீரோ ஓடிவந்து தோளோடு அணைத்துக்கொண்டான். “பேச முடியல அவங்களால. கூடப்பொறந்த பாசம்,” என்றான். கேமரா அதையும் படம் பிடித்துக்கொண்டது. இதற்குமேல் ஒரு மனுஷியை யாரும் அவமானப்படுத்த முடியாது.

கொல்லைப் பக்கம் போய் இன்ஹேலரை இரண்டு முறை அழுத்தினாள். அங்கேயே தேடி வந்தார் டைரக்டர். பெரியவளின் கடைசிப் படத்துக்காரர். கேட்கவே சங்கடமாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை ரிலீஸ், ஒரே ஒரு சீன் பேச வேண்டியது பாக்கி என்று இழுத்தார். சின்னவள் மூச்சு சீராகும்வரை அவரை நிற்க வைத்தாள்.

“பேசறேன். ஆனா படம் ஆரம்பிக்கும்போது தனியா ஒரு கார்டு போடணும். அம்மாவுக்குக் குரல் கொடுத்தது யாருன்னு. கொட்டை எழுத்துல.”

போட்டுவிடலாம்மா என்றார் அவர். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே கேட்டிருக்கலாம். மூன்று மணிக்குப் பெரியவளை எடுத்துக்கொண்டு போனபோது சின்னவள் மனதுக்குள் அந்தக் கார்டுக்கு எழுத்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை டப்பிங் தியேட்டர். போன் யாராவது எடுக்கத்தானே வேண்டும் என்று அக்காவின் செல்போனும் அவள் பையில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் என்ஜினியர், “வாய்ஸக்கா, ஒரு தடவ பைலட்ட கேட்டுருங்க,” என்றான். பைலட் என்பது படப்பிடிப்பில் பதிவான கச்சாச் சத்தம். அதைக் காதில் கேட்டுக்கொண்டு திரையில் உதட்டைப் பார்த்துப் பேச வேண்டும். ‘ஆக்‌ஷன்’ என்பதற்கு முன்னால் உள்ளதை வெட்டிவிட்டுத்தான் எப்போதும் போடுவார்கள். ரிலீஸ் அவசரத்தில் இன்றைக்கு அதை யாரும் வெட்டவில்லை.

திரையில் பெரியவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். ஹெட்போனில் அந்த லாரி டிரைவர் தொண்டை கரகரத்தது.

“டைரக்டரே, இந்த வசனம் ரொம்ப நீளம். ‘உனக்காகத்தானே’ங்கற எடத்துல நான் வாயப் பொத்திக்கறேன்.”

“எதுக்கும்மா? முகம் மறையுது.”

“தங்கச்சி மூச்சு வாங்கணும். உதடு தெரிஞ்சா அவ நிறுத்த மாட்டா, ஒரே இழுப்புல பேசிட்டு வீட்டுக்கு வந்து பம்ப் அடிப்பா. ரெண்டாவது படத்துலேர்ந்து இப்படித்தான் பண்றேன்.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“சொன்னா அதுக்கும் சண்டைக்கு வருவா. வசனம் மறந்துடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா, சொல்லட்டும்.” பெரியவள் விசிறியைக் கீழே வைத்தாள். “எனக்கு அவமேல எவ்ளோ பொறாமை தெரியுமா உங்களுக்கு? நாளைக்கு நான் போனா என் மூஞ்சியும் போயிடும். அவ தொண்டை அப்படியே இருக்கும். கொடுத்து வச்சவ.”

ஆக்‌ஷன் என்றது ஒரு குரல். பெரியவள் முகம் மாறி அம்மாவானாள்.

என்ஜினியர் ஓட்டத்தை நிறுத்தினான். அவனும் கேட்டுவிட்டான் போல, தலையை நிமிர்த்தாமல் ஏதோ பட்டனைத் துடைத்தான். கண்ணாடியைத் தட்டி, போடு என்று சைகை காட்டினாள் சின்னவள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பேசினாள். ‘உனக்காகத்தானே’ வந்தது, திரையில் புறங்கை எழுந்து உதட்டை மறைத்தது. அந்த இரண்டு விநாடி அவளுக்கென்று காலியாக இருந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். கை இறங்கியது, மிச்ச வசனத்தைப் பேசி முடித்தாள். ஒரே டேக்கில் ஓகே.

டைரக்டர் உள்ளே வந்து, கார்டு ரெடி பண்ணச் சொல்லிவிட்டேன், எப்படி எழுதட்டும் என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றாள். எப்போது என்றார். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

பைக்குள் போன் அடித்தது. ரசிகர் மன்றக்காரர். நேற்று பயந்த மனுஷன், இன்றைக்குத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கூப்பிடுகிறார். எடுத்தாள். அந்தப் பக்கம் தயங்கித் தயங்கி, “அம்மா... யாரு பேசறது?” என்றார்.

“நான்தான்...” என்று பழக்கம் ஆரம்பித்துவிட்டது.

சின்னவள் நிறுத்தினாள். அவளுடைய புறங்கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது. ஒரு விநாடி, இரண்டு விநாடி.

“அக்கா இல்லீங்க,” என்றாள். “தங்கச்சி பேசறேன்.”