முட்டியும் நெத்திலியும்

தொண்ணூற்று நாலாம் வருஷம். இராஜம்மாவுக்கு முழங்கால் மூட்டை மாற்றிய மறுநாள் காலை, அவள் கணவர் கன்னையா ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவள் கட்டிலில் சாய்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். அதே ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்துக் கட்டில் சீன அம்மா முனகிக்கொண்டிருந்தாள்.

“வலியே இல்லீங்க! முருகன் கைய வச்சிட்டான். வர்ற தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறாம விட மாட்டேன்,” என்றாள் இராஜம்மா.

பாவம், முட்டி வலியால் சில வருஷங்களாகப் பால்குடத்தை மலையடிவாரத்திலேயே இறக்கி வைத்துவிட்டு அழுதவள். முதல்நாள் அவளை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, கன்னையாதான் அந்த முட்டியில் விபூதி பூசினார். அவள் எழுந்து நடக்கும்வரை கவிச்சி தொடமாட்டேன் என்று அவள் காதுபட நேர்ந்தும் கொண்டார். வேண்டுதல் இப்படிக் கையோடு பலித்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்கினார். முட்டை வேண்டாம், கோழி வேண்டாம் என்று கறாராகச் சொன்னவர், அதன் மிளகாய்ச் சம்பலில் நெத்திலி கிடக்கும் என்பதை மறந்தே போனார். ருசி அப்படி. இலையை வழித்த விரலில் ஒரு நெத்திலி ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் திக்கென்றது.

வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிவந்தார். வார்டு வாசலிலேயே இராஜம்மாவின் அலறல் கேட்டது.

“முட்டியப் பிடுங்குதுங்க! காலையில நல்லாத்தானே இருந்தேன்? நான் என்ன தப்பு பண்ணேன்?”

கன்னையா உள்ளே போகாமல் திரும்பினார். வெளியே டாக்டர் ஜெயராஜைப் பிடித்து, விபூதி முதல் நெத்திலி வரை கொட்டிவிட்டார்.

டாக்டர் சிரித்தார். “நெத்திலி ஒன்னும் பண்ணல லா, அங்கிள். ஆன்டி மயக்கத்துல இருக்கும்போது தொடை இடுக்குல, நரம்பு பக்கத்துல ஒரு ஊசி போட்டோம். கால் மரத்துப்போய் வலி தெரியாது. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம், எல்லாருக்கும் போடுறதில்ல. அது இப்ப விட்டுருச்சு, அவ்வளவுதான். வலிக்கு மருந்து தரச் சொல்றேன். நாளைக்கு அவங்க நடக்கணும், தைரியம் சொல்லுங்க.”

நிம்மதியாக மூச்சுவிடப் போன கன்னையா பாதியில் நிறுத்தினார். வலி வந்தது நெத்திலியால் இல்லையென்றால், வலி போனதும் விபூதியால் இல்லையே? அப்படியென்றால் முருகன் எங்கே போனான்? நரம்பு, ஊசி, விபூதி, நெத்திலி எல்லாம் தலைக்குள் காயும் பழமும் கலந்த ரோஜாக் மாதிரி ஆகிப்போயின.

உள்ளே இராஜம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னை நாளைக்கு நடக்கச் சொல்லாதீங்க. அவனே கைய எடுத்துட்டான்.” பிறகு சட்டென்று திரும்பினாள். “உண்மையச் சொல்லுங்க. கவிச்சி ஏதும் சாப்பிட்டீங்களா?”

டாக்டர் சொன்ன பதில் நாக்கு நுனி வரை வந்தது. கன்னையா அதை விழுங்கினார்.

“நெத்திலி,” என்றார்.

“அதானே பார்த்தேன்!” அத்தனை வலியிலும் அவள் முகம் தெளிந்தது. “அவன் என்னைக் கைவிடல. எல்லாம் உங்க நாக்குதான்! போங்க, தலை முழுகிட்டு வாங்க. நாளைக்கு நான் நடக்கறப்ப சுத்தமா பக்கத்துல நிக்கணும்.”

தான் சொன்னது உண்மையா பொய்யா என்று வீடு போய்ச் சேரும்வரை கன்னையாவுக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தடவை தலை முழுகினார்.