வாத்துப் படத்தின் ஓரத்தில்

லயனலிடம் இருந்த விக்டோரியா காலத்துக் கிறிஸ்துமஸ் புத்தகம் முதல் பதிப்பு. வாத்துப் படம் உள்ள தாள் மட்டும் அதில் இல்லை. ஒரு படம் குறைந்தாலும் சேகரிப்பவர்கள் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அக்கா மேவிஸ் பத்திரமாக வைக்கச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்த வீட்டுப் பிரதியும் அதே பதிப்புதான், ஆனால் அட்டை பிய்ந்து, பக்கமெல்லாம் கிறுக்கல். அதிலிருந்து வாத்தை அறுத்தெடுத்துத் தன் பிரதியில் ஒட்டினான். மிச்சத்தைக் குப்பையில் போட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மேவிஸ் வந்து நின்றாள்.

"அந்தப் புத்தகத்தக் குடுடா. அப்பா வாசிச்ச மாதிரி பேரப்பிள்ளைங்களுக்கு வாசிக்கணும்."

வேறு வழியில்லாமல் தன் பிரதியை நீட்டினான். "கொஞ்சம் சுத்தம் பண்ணி பைண்ட் பண்ணியிருக்கேன்க்கா."

"கொஞ்சமா? என் கிறுக்கலக் கூடக் காணோமே. பெரிய கைகாரன்டா நீ."

சிரித்துக்கொண்டே புரட்டியவள் வாத்துப் படத்தில் நின்றாள். ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்தாள்.

"புட்டிங் தின்ன கையோட அப்பா புரட்டினது. இத மட்டும் அழிக்காம விட்டியே, அது போதும்டா எனக்கு."

லயனல் தலையை ஆட்டினான். ஒட்டுவதற்கு முன் ரொட்டித் துணுக்கால் ஒரு மாலை முழுக்க அவன் தேய்த்தும் போகாத கறை அது.