நாற்பத்தோராம் வரி

ஐந்தரைக்கு எழுகிறேன். அடிபம்பில் இரண்டு குடம் தண்ணீர் அடிக்கிறேன். பால் காய்ச்சிக் குடித்து, சட்டை தேய்த்து, ஏழே காலுக்கு புவனகிரி பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது செல்போனைப் பார்த்துக்கொள்கிறேன். எட்டு மணிக்கு சிதம்பரத்தில் ஆய்வுக்கூடத்தைத் திறந்து, கணினியைப் போட்டு, ஒரு கோப்பைத் திறந்து, நாற்பத்தோராம் வரியைப் பார்த்துவிட்டு மூடுகிறேன். பிறகு வேறு வேலை. மூன்று மாதமாக இப்படித்தான்.

அந்தக் கோப்பில் இருப்பது வெள்ளாறு. அதை வைத்துத்தான் எனக்கு டாக்டர் பட்டம் வரவேண்டும். ஆற்றுக்கு இரண்டு முனை. மேல் முனையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, கீழ் முனையில் கடல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, இந்த இரண்டையும் நான் எழுதித் தரவேண்டும். இடையில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்பதை மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்லும். முனைகளில் நான் எழுதித் தருவதை எல்லை நிபந்தனை என்பார்கள். எல்லையில் பொய் சொன்னால் நடுவில் இருப்பது முழுவதும் பொய்.

நாற்பத்தோராம் வரி கடல். ஏறி இறங்கும் கடல். என் மனைவி இசைவாணிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நேரம் சொன்னாள். கிள்ளைப் பக்கம் கடற்கரையில் பிறந்தவள். அந்த வரியைப் போட்டு ஓட்டியபோது எண்கள் வெடித்துச் சிதறின. திங்கட்கிழமை வழிகாட்டிக்குக் காட்டியாகவேண்டும். வரிக்கு முன்னால் ஒரு # குறி போட்டேன். அந்தக் குறி இருந்தால் மென்பொருள் அந்த வரியைப் படிக்காது. அடுத்த வரியில் கடலை அரை அடி உயரத்தில் அசையாமல் நிறுத்தினேன். ஓடியது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றுதான்.

போன நவம்பர் மழையில், கடல் அதிகம் ஏறும் அமாவாசையன்று, அந்தக் கோப்பில்தான் எங்கள் தெருவைப் பார்த்தேன். முழங்கால் அளவு என்றது. தெருவில் எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு இசைவாணி போன் செய்தாள். இரண்டு நாளாக அவளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்து ஈரத் தரையில் ஏன் கிடக்கவேண்டும், வீட்டிலேயே இரு என்றேன். பன்னிரண்டுக்குப் பாலத்தை மூடிவிட்டார்கள். நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆய்வுக்கூடத்தில். இரண்டரைக்குத் தெரு முழுகியது. மறுநாள் இடிந்த பின்சுவருக்கு அடியில் இருந்தாள்.

இன்று பதினோரு மணிக்கு அந்தோணிசாமி மாமா வந்தார். அவளுடைய அப்பா. ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"மாப்ள, நீங்க ஆத்த கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கீங்களாமே. ஒங்க கூட்டாளி ராபர்ட் சொன்னான். அன்னிக்கு எப்பிடி வந்துச்சின்னு நான் பாக்கணும்."

"அது இன்னும் முடியல மாமா."

"முடிஞ்ச வரைக்கும் காட்டுங்க." உட்கார்ந்துகொண்டார். "கடக்கரப் புள்ள அது. அமாவாசத் தண்ணி அதுக்குத் தெரியாதா? தெருவே கெளம்பிப் போவுது, இது மட்டும் ஏன் வூட்ல கெடந்துச்சி? எனக்கு அதான் வெளங்கல."

கோப்பைத் திறந்தேன். அசையாத கடலை அவரிடம் காட்ட முடியாது. ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். # குறியை அழித்து, அடுத்த வரிக்கு முன்னால் போட்டேன். ஓட்டினேன். திரையில் நீலம் ஆடத் தொடங்கியது.

மாமா குனிந்து பார்த்தார். அவள் போனபிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

"இன்னா மாப்ள இது? கடலு டீக்கடக்காரன் டீ ஆத்தற மாரி ஆடுது? கீழ மூலைல ஓடுதே, அது மணியா?"

"ஆமா. செகண்டு."

"அப்ப பன்னெண்டு செகண்டுக்கு ஒருதபா ஏறி எறங்குது. நெஜத்துல ஏறதுக்கே ஆறு மணி நேரம் ஆவும்."

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தேன். மென்பொருள் காலத்தை வினாடியில் எண்ணுகிறது. அவள் மணியில் சொன்னாள். நான் மணியிலேயே எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரத்தை மூவாயிரத்து அறுநூறால் பெருக்கவில்லை. கல்லூரி முதலாண்டுப் பையன் செய்கிற தப்பு. அதனால்தான் வெடித்தது. அதனால்தான் குறி போட்டேன். பெருக்க எனக்குப் பத்து வினாடிகூட ஆகவில்லை.

மறுபடி ஓட்டினேன். ஓடி முடிய நாற்பது நிமிடம். மாமா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் என்றே வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று தெரியவில்லை. முழங்கால் என்று வந்தால் அது இயற்கை. நான் இல்லை.

மேலே இருந்து ஆறு வந்தது. கீழே கடல் மெதுவாக ஏறி, ஆற்றை வாங்காமல் நின்றது. ஆறு திரும்பியது. எங்கள் தெரு சிவந்தது. ஒன்று புள்ளி எட்டு மீட்டர். பிற்பகல் இரண்டு இருபது.

"அது எவ்ளோ?" என்றார்.

எழுந்து நின்று, என் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினேன்.

அவர் என் கையையே பார்த்தார். நான் இறக்கவில்லை.

"அப்ப இது முன்னாடியே தெரியுமா இந்தக் கம்ப்யூட்டருக்கு?"

"தெரிஞ்சிருக்கும் மாமா. நான் அடைச்சி வெச்சிருந்தேன்."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடக்கத்தன்று, அவள் கடைசியாகச் சொன்னது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மாதாவே என்று கத்தினாளாம். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். பக்கத்தில் யாருமே இல்லை. கடைசியாகப் பேசியது என்னிடம்தான். அதைக் கேட்டவர்களிடமெல்லாம் சிக்னல் இல்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வந்தேன்.

"ஒங்ககிட்ட போன்ல பேசிச்சே. இன்னாதான் சொல்லுச்சி? இப்பவாவது சொல்லுங்க மாப்ள."

கையை இறக்கினேன். திரையில் தெரு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"அமாவாசையாச்சே, கடலு தண்ணிய வாங்குமான்னு கேட்டா மாமா. அதெல்லாம் போட்டுப் பாத்துட்டேன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"'சரிங்க, நீங்க போட்டுப் பாத்திருக்கீங்கல்ல, அப்ப நான் போவல'ன்னு சொன்னா."