அக்கா ஒட்டிய பேட்ச்

திரைச்சீலை தைக்கும் அந்தக் கடையில் இரண்டு தையல் இயந்திரங்கள் எதிரெதிராக இருந்தன. ஒன்றில் பெரியவள், இன்னொன்றில் சின்னவள். உடன்பிறந்தவர்கள். படிக்கும் கண்ணாடி ஒன்றுதான். ஊசியில் நூல் கோக்க வேண்டியவள் மற்றவளின் மூக்கிலிருந்து அதைக் கழற்றிக்கொள்வாள். சிறு வயதில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று வாங்கிய மருந்தை இருவரும் குடித்தே வளர்ந்தார்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு சின்னவளின் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. இஸ்திரி போட நின்றால் மார்பிலிருந்து உச்சந்தலை வரை தணல் ஏறும். தூக்கம் கண்ணை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஒரு நாள் விடுதிக்கான வெள்ளைத் திரையை அளவு தப்பி வெட்டிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

"எந்திரிடி. துணி கசங்குது," என்றாள் பெரியவள். பிறகு கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கிழித்து, தங்கையின் இடுப்புக்குக் கீழே சின்ன மருந்துப் பேட்ச் ஒன்றை ஒட்டி உள்ளங்கையால் அழுத்தினாள். ஈஸ்ட்ரோஜன். கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்த பிறகு மருத்துவர் பெரியவளுக்கு எழுதிக்கொடுத்தது.

"எனக்குக் கேட்ட மருந்து உனக்குக் கேக்காதா? ஒரே வயித்துல பொறந்தோம்."

கேட்டது. சின்னவள் இரவில் கல்லாகத் தூங்கினாள். பெரியவள் ஒரே சீட்டை இரண்டு மருந்துக்கடைகளில் காட்டி வாங்கி வந்தாள். மாதங்கள் நன்றாகவே ஓடின.

ஒரு நாள் சின்னவளின் பாவாடையில் ரத்தக் கறை.

"இளமை திரும்புதுடி," என்று சிரித்தாள் பெரியவள். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, மனுஷன் ஜாக்கிரதையா இருக்கட்டும்."

இருவரும் சிரித்தார்கள். ரத்தம் நின்றது. பிறகு வந்தது. மறுபடி நின்று, மறுபடி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சின்னவள் குளியலறையில் உட்கார்ந்து கைபேசியில் தேடினாள். எதைத் தட்டினாலும் திரையில் புற்றுநோய் என்ற சொல் வந்து நின்றது.

மருத்துவர் பேட்சைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினார்.

"இதை யாரு குடுத்தது?"

"அக்கா."

"அக்கா டாக்டரா?"

"இல்லீங்க. அக்கா."

அக்காவுக்கு நடந்த அறுவையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மருத்துவர் கோபப்படாமல் சொன்னார். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிமனாக்கும். கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு அதை அடக்கி வைக்க இன்னொரு ஹார்மோனும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். "உங்க அக்காவுக்கு அது தேவையில்ல. உங்களுக்கு வேணும்." பேட்சை எடுத்துவிட்டு, சவ்விலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

காத்திருந்த நாட்களில் தணல் திரும்பி வந்தது. கைபேசி அதிரும்போதெல்லாம் சின்னவளின் கால் இயந்திரத்தின் மிதியிலிருந்து நழுவியது. தையல் கோணிக்கொண்டு போனது. எதிரே பெரியவள் பேசினால் ஒரே கேள்விதான்: "டாக்டர் மூஞ்சி எப்படி இருந்துச்சு? சரியா சொல்லு."

முடிவு வாங்கப் போன அன்று, மருத்துவமனையின் குளிர்ந்த கூடத்தில் பெரியவளின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. முகம் சிவந்திருந்தது. சின்னவள் சட்டென்று அவள் இடுப்புக்குக் கீழே தடவிப் பார்த்தாள்.

"எங்கேக்கா உன்னோட பேட்ச்?"

"எடுத்துட்டேன்."

"எப்போ?"

"உன்னோடதை எடுத்த அன்னைக்கே."

"உனக்கு என்ன கேடு? உனக்குத்தான் கர்ப்பப்பையே இல்லையே!"

பக்கத்து நாற்காலிகள் திரும்பிப் பார்த்தன. பெரியவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ அங்க வெந்துட்டு இருப்ப, நான் குளுகுளுன்னு உக்காந்து தைக்கணுமா?"

சின்னவளுக்கு வாயில் வசவு வந்தது. அதற்குள் கூப்பிட்டார்கள். பெரியவளும் கூடவே எழுந்தாள்.

"நீ இங்கயே இரு," என்றாள் சின்னவள். அக்காவிடம் அப்படி ஒரு வார்த்தையை அவள் சொன்னதே இல்லை. கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.

"புற்றுநோய் இல்ல," என்றார் மருத்துவர். "ஆனா சவ்வு தடிச்சிருக்கு. அப்படியே விட்டா புற்றுநோயா மாறலாம். மாத்திரை தர்றேன். முடிச்சதும் மறுபடி துணுக்கு எடுத்துப் பாக்கணும்."

முதல் வார்த்தையில் வந்த மூச்சு கடைசி வார்த்தையில் பாதியிலேயே நின்றது.

வெளியே பெரியவள் கதவை ஒட்டியே நின்றிருந்தாள்.

"இல்லையாம்."

பெரியவள் உடனே வாசல் பக்கம் திரும்பினாள்.

"முழுசாச் சொல்லிடறேன் கேளு. இன்னும் முடியல. மாத்திரை சாப்பிட்டு மறுபடி பாக்கணுமாம்."

பெரியவள் மருந்துச் சீட்டுக்குக் கையை நீட்டினாள். சின்னவள் அதை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"இது எனக்கு. நீ வீட்டுக்குப் போனதும் உன்னோடதை ஒட்டிக்க."

"சரி." பெரியவள் தலையாட்டினாள். "மறுபடி பாக்கற வரைக்கும் என்னடி பண்றது?"

சின்னவள் கைக்குட்டையை எடுத்து அக்காவின் கழுத்தைத் துடைத்தாள். கழுத்து கொதித்தது. கையை அங்கேயே வைத்திருந்தாள்.