பேட்டரி ரூமில் இந்தி

இந்தி வகுப்பு பேட்டரி ரூமில் நடக்கும் என்று நோட்டீஸ் ஒட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஓசியில் ஒரு பாஷையைக் கற்றுக்கொடுக்க எந்த சர்க்காருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

எங்கள் மலைமேல் மத்திய சர்க்காரின் டெலிபோன் டவர் ஒன்று இருக்கிறது. நான் அதில் ராத்திரி ஷிப்ட் ஹெல்பர். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட வேண்டும், வந்தால் நிறுத்த வேண்டும். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவனுக்கு அந்த வேலை போதும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குவேன். மத்தியானம் எழுந்து சாமைக் கொல்லைக்குப் போவேன். இப்போது அந்தத் தூக்கத்தின் மேல் வகுப்பைப் போட்டுவிட்டார்கள். ஒரே மாதத்தில் இந்தியாம். காலையில் தொடங்கினால் சாப்பாட்டு நேரம் வரை விடமாட்டார்கள்.

வகுப்பில் சேர்க்க ஒரு பாரம் நிரப்பினார்கள். அதிகாரி கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. கல்யாணம் ஆகிவிட்டதா? நிலம் எவ்வளவு? கூடப் பிறந்தவர்கள் உண்டா? பாஷை படிக்கிறவனுக்கு நிலம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜீப் டிரைவர் பஞ்சாட்சரம்தான் கணக்கைப் போட்டுக் காட்டினார். அறுபத்தைந்து இந்தி எதிர்ப்பில் ரயில்வே ஸ்டேஷன் போர்டில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசி, போலீஸிடம் அடி வாங்கியவர்.

"எந்த எழுத்த அழிச்சனோ அதயே எழுதச் சொல்றானுங்க பார்றா," என்றார். "சும்மா இல்லடா அர்ச்சுனா. போபால் பக்கம் புது டவர் கட்றாங்க. பாஸ் பண்றவன அங்க தள்ளிடுவாங்க."

"யார்ண்ணே சொன்னது?"

"ஜீப்ல போறவங்க வாய மூடிக்கினா போறாங்க? நான் வெள்ளப் பேப்பரக் குடுத்துட்டு வந்துடுவேன். நீ இன்னா பண்ணுவியோ."

எனக்குப் போபால் பயமில்லை. என் அண்ணன் கருப்பன்தான் பயம். அப்பா செத்து நிலம் இன்னும் பாகம் ஆகவில்லை. கொல்லை ஓரத்தில் இருக்கும் புளியமரங்களை நான் காவல் காப்பதால்தான் புளியில் பாதியாவது எனக்கு வருகிறது. நான் வகுப்புக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் அண்ணன் ஒரு பலாப்பழத்தோடு வீட்டுக்கு வந்தான். அதுவரை ஒரு பலாக்கொட்டை கொடுத்தவனில்லை.

"நல்லா படிடா. சர்க்கார் வேல. எங்க போட்டாலும் போவணும்," என்றான்.

அவன் தலை மறைந்ததும் என் மனைவி செந்தாமரை பழத்தை மாட்டுக்குப் போட்டாள். "நீ ஒரு வருசம் வடக்கப் போனா போதும், மரத்த வேரோட தின்னுடுவான்," என்றாள்.

வாத்தியார் ராணியம்மாள் வேலூர்க்காரர். வாரம் முழுக்க டவர் விடுதியில் தங்குவார். வடக்கத்தி ஆளாக இருந்தால் கூடப் புரிந்துகொள்வேன். தமிழச்சி ஒருத்தி எதற்காக இதைச் செய்ய வேண்டும்? பேட்டரி ரூமின் ஆசிட் நெடியில் நின்றுகொண்டு, "சீதா கர் ஜாதி ஹை," என்பார். சீதா வீட்டுக்குப் போகிறாளாம். நாங்களும் சொல்வோம். தூங்கி விழுந்தால் கோபிக்க மாட்டார், டீ வாங்கித் தருவார். அதுவும் சந்தேகமாகவே இருந்தது.

தொல்லை என்னவென்றால், எனக்கு இந்தி வந்தது. வேண்டாம் என்றாலும் ஒட்டிக்கொண்டது. ஜெனரேட்டர் ஓடினால் அந்தத் தாளத்துக்குப் பாடம் தானாக ஓடியது. கொல்லையில் களை எடுக்கும்போதும் ஓடியது. ஒரு மத்தியானம் செந்தாமரை என்னை உலுக்கி எழுப்பினாள்.

"சீதா யாரு?"

"பாடத்துல வர்றவ."

"பாடத்துல வர்றவளத் தூக்கத்துல எதுக்குக் கூப்புடுற?"

"கூப்புடல. அவ வூட்டுக்குப் போறா. அவ்ளோதான்."

"போறவளப் போவ வுடு," என்று போர்வையைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பரீட்சை வந்தது. கேள்விக்கு நான்கு நான்கு பதில்கள், சரியானதற்கு டிக் போட வேண்டும். பஞ்சாட்சரம் சொன்னதுபோல் வெள்ளைப் பேப்பர் கொடுத்தால் திமிர் என்று வேலையைப் பிடுங்குவார்கள். அதனால் ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படித்தேன். சரியான பதிலைக் கண்டுபிடித்தேன். அதை விட்டுவிட்டு வேறொன்றில் டிக் போட்டேன்.

மறுநாள் ராணியம்மாள் என்னை மட்டும் நிறுத்திவைத்தார். பேப்பரை என் முன்னால் போட்டார்.

"இன்னாங்க அர்ச்சுனன் இது?"

"எனக்கு வரல டீச்சர்."

"வராதவன் கண்ண மூடிக்கினு டிக் போட்டாலும் நாலுல ஒன்னு சரியா வுழும். உங்களுக்கு ஒன்னுகூட வுழல. எது சரின்னு தெரிஞ்சவனாலதான் இவ்ளோ சுத்தமா தப்பு பண்ண முடியும்."

கடைசியில் போபாலைச் சொன்னேன். புளியமரத்தைச் சொல்லவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "ஹெல்பருங்கள்லாம் இங்கயே எடுத்த ஆளுங்க. உங்கள கீழ இருக்குற ஆலங்காயத்துக்கு மாத்தக்கூட ரூல் கெடையாது. யார் சொன்னது?"

நான் பெயர் சொல்லவில்லை. அவர் சொல்வது பொய் என்றால் சர்க்காருக்கு லாபம். உண்மை என்றால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. லாபமில்லாத பேச்சை ஒருவர் எதற்குப் பேச வேண்டும்?

"உங்க இஷ்டம்," என்றார் அவர். "பெயில்னு போட்றேன். ஆனா பெயிலானவங்க அடுத்த பேட்ச்ல மறுபடி ஒக்காரணும். மொதல்லேர்ந்து."

இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

பஞ்சாட்சரம் முதல் மார்க் வாங்கிப் பாஸ் பண்ணியிருந்தார். ஜீப் கழுவும் இடத்தில் போய்ப் பிடித்தேன்.

"வெள்ளப் பேப்பர்னியே?"

"குடுக்கத்தான் இருந்தேன். கை எழுதிடுச்சுடா," என்றார். "கேட்டத உனக்குச் சொன்னேன். தப்பா எழுதுன்னு நானா சொன்னேன்?"

அவரை எங்கேயும் அனுப்பவில்லை. யாரையுமே அனுப்பவில்லை. மழைக்காலம் முடிந்து பகல் ஷிப்ட் ஒன்று காலியானது. பாஸ் பண்ணிய இன்னொரு ஹெல்பருக்கு அது போயிற்று. நான் ராத்திரியிலேயே இருந்தேன்.

அடுத்த பேட்ச்சில் மறுபடி பேட்டரி ரூம், மறுபடி சீதா வீட்டுக்குப் போனாள். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த சின்னதம்பி என் காதருகில் குனிந்தான்.

"பாஸ் பண்ணா வடக்க அனுப்பிடுவாங்களாமேண்ணே?"

"அனுப்ப மாட்டாங்க. ஒழுங்கா எழுது."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அதிகாரியின் ஆள் என்று நினைத்தானோ என்னவோ. டீ இடைவேளையில் பஞ்சாட்சரத்திடம் போய்க் கேட்டான். அவர் ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவன் பேச்சா? ரெண்டாந்தரம் ஒக்கார்ற ஆளுடா அவன்," என்று சொன்னது எனக்கும் கேட்டது. மறுநாள் முதல் சின்னதம்பி பெஞ்சின் அந்தக் கடைசிக்குப் போய்விட்டான்.

பரீட்சைக்கு முந்தின நாள் அண்ணன் மறுபடி வந்தான். இந்த முறை பலாப்பழம் இரண்டு.

நான் எல்லாவற்றையும் சரியாக எழுதினேன். கடைசிக் கேள்வியை மட்டும் தெரிந்தே தப்பாகப் போட்டேன். முழு மார்க் வாங்குகிறவனை என்ன செய்வார்கள் என்பது எனக்கு இன்னும் தெரியாது.