ஒரே எண்ணில் இரண்டு மிஷின்

1

“யம்மா, உன் மிஷினுக்கு ஒயரே இல்ல. அப்பறம் எப்டி அது உன்னக் கட்டிப் போட்டுகினு கீது?”

திருவொற்றியூர் பஸ் நிறுத்தத்தில் ஏழு வயது ஹெப்சிபா தன் அம்மா டோரதியிடம் கேட்டது இது. சனிக்கிழமை பள்ளி விழாவுக்கு வர முடியாது, மிஷினை விட்டு நகர முடியாது என்று அம்மா அப்போதுதான் சொல்லியிருந்தாள். பக்கத்தில் நின்ற நான் அந்தக் கேள்வியைத் திருடி வந்துவிட்டேன். மீதியெல்லாம் கற்பனை. கோபம் மட்டும் கற்பனை இல்லை.

2

முதல் தொடக்கம்: ‘கடற்காற்று இதமாக வீசிய காலையில்...’ (வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிப் புழுதி தின்றவர் யாரும் நம்பமாட்டார்.)

இரண்டாவது: டோரதி கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தத் தொழிலாளி. பெட்டிகளின் எண்களைக் கைக்கணினியில், அதாவது அந்த மிஷினில், பதிவு செய்வாள். அது வைஃபை வழியாக அலுவலகத் திரைக்குப் போகும். பதிவு வராவிட்டால் திரையில் அவள் பெயர் சிவக்கும். மூன்று நாள் சிவந்தால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். அவளுக்கு இரண்டு நாள் சிவந்துவிட்டது.

அவள் சும்மா இருக்கவில்லை. லைன் அறுந்துகொண்டே இருந்தது. கொதிக்கும் பெட்டிகளுக்கு நடுவே நின்று, கையுறையைக் கழற்றி, நாளைக்கு நாற்பது முறை பாஸ்வேர்டை அடிப்பாள். சில நிமிடம் ஓடும், மறுபடி அறுந்துவிடும்.

மேற்பார்வையாளர் டெரிக் சொன்னார்: “மிஷின் பொய் சொல்லாது. நீதான் டபாய்க்கிற.”

(இங்கே டெரிக்கைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். ஜெபம் சொல்லும் வாயால் அதை வாசித்துப் பார்க்க முடியவில்லை. அடித்துவிட்டேன்.)

3

மிஷின்களை அமைக்க வந்தவன் ஒன்றைச் சரிசெய்து, அதையே மற்றவற்றுக்கும் நகலெடுத்தான். ஒவ்வொன்றுக்கும் வைஃபையில் தனி எண் கொடுக்க வேண்டும். ஒன்றில் மாற்ற மறந்துவிட்டான். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. தபால் எங்கே போகும்? ஒரே எண் கொண்ட அந்த மிஷின்களில் ஒன்று டோரதியிடம், இன்னொன்று அடுத்த வரிசையில் வேலை பார்க்கும் ராசையாவிடம். அவருடையது லைனைப் பிடித்தால் இவளுடையது அறுந்துவிடும். அந்த மாதம் நல்ல வேலைக்காரர் என்று ராசையாவுக்குக் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் அவர் மிஷினை அணைத்தார். டோரதியுடையது உயிர்பெற்றது. மூன்று தடவை போட்டு அணைத்துப் பார்த்துவிட்டு நேரே டெரிக்கிடம் போனார்.

“எம் மிஷினு ஓட்னா அந்தப் பொண்ணுது படுத்துக்குது சார்.”

“உன்து ஓடுதுல்ல நைனா? உனக்கு இன்னா பேஜாரு? திங்கக்கெழம ஆளு வருவான்.”

திங்களுக்கு முன் சனி வரும், அன்றும் சிவந்தால் மூன்று நாள் ஆகிவிடும் என்பது டெரிக்குக்குத் தெரியாதா?

4

முடிவு அ: டெரிக் மனம் திருந்தி... (பொய்.)

முடிவு ஆ: டோரதி மிஷினைக் கன்டெய்னரில் ஓங்கி அடித்தாள். திரை சிதறியது. டெரிக்கின் முகம்... (ஆசை ஆசையாய் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் கோபம் தீர அவள் வேலையையா விலையாகக் கொடுப்பேன்?)

முடிவு இ: சனிக்கிழமை டோரதியின் லைன் ஒருமுறைகூட அறவில்லை. திரையில் அவள் பெயர் பச்சை. ராசையாவின் பெயர் காலையிலிருந்தே சிவப்பு. பெட்டி எண்களைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். “பேட்டரி பூட்ச்சி” என்றார். டெரிக் எல்லார் முன்னாலும் திட்டியதை நின்று கேட்டுக்கொண்டார். பாவம் பெரியவர் என்று நினைத்தபடி டோரதி பள்ளி விழாவுக்கு பஸ் பிடிக்க ஓடினாள்.

எல்லாரும் போன பிறகு ராசையா மிஷினைச் சார்ஜரில் வைத்தார். திரை ஒளிர்ந்தது. பேட்டரி நூற்றுக்கு நூறு.

இதை டோரதியிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சொல்வதானால், ராசையா காதில் விழாத தூரத்தில் சொல்லுங்கள்.