அண்ணன் ஒத்துக்கொண்ட திருட்டு

அந்தக் காலத்தில் நாங்கள் வெளிநாட்டு சோப்பு போட்டுத்தான் குளிப்போம். சிரிக்காதீர்கள், உண்மை. திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் ஒற்றை அறை வாடகை வீடு. மழை பெய்தால் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் அண்டா வைக்க வேண்டும். ஆனால் சோப்பு மட்டும் ஜெர்மனி, பிரான்ஸ்! என் அண்ணன் திருமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு லாட்ஜில் ரூம் பாயாக இருந்தான். ரூமைக் காலி செய்கிறவர்கள் விட்டுப்போகிற சில்லறைச் சாமான்கள் ரூம் பாய்க்குத்தான் என்பது அந்த லாட்ஜில் வழக்கம். முதலாளிக்கும் தெரியும், விட்டுப்போகிறவர்களுக்கும் தெரியும். பாதி தேய்ந்த சோப்பு, அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும் சென்ட் பாட்டில், ஒருமுறை ஊதா நிறத்தில் ஒரு பெரிய துண்டு. அந்தத் துண்டுக்காக நானும் அவனும் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டது.

நல்ல வருஷங்கள் அவை. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு. அப்பா இல்லை. அம்மா கன்னியம்மாள் கோயில் வாசலில் பூ விற்றாள், நான் டெய்லர் கடையில் காஜா போட்டேன். அண்ணன் கண்டக்டர் லைசென்ஸ் எடுத்து, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு, கவர்மெண்ட் பஸ்ஸில் ஏறப்போகிற நாளுக்காகக் காத்திருந்தான். ஒத்திகை எல்லாம் வீட்டிலேயே நடக்கும். நான் குளித்துவிட்டு வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், "எறங்கறவங்கல்லாம் சீக்கிரம் எறங்குங்க, வண்டி கெளம்பப் போவுது" என்று வெளியே நின்று கத்துவான். ஈரத்தலையோடு அவனை அடிக்க ஓடுவேன். இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. பிறகுதான் வயிறு எரிகிறது.

தொண்ணூற்று மூன்று தை மாதம் எனக்குக் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர் கோதண்டராமன், கடலை எண்ணெய் வியாபாரம். ஆள் அதிர்ந்து பேசமாட்டார். அதற்கும் சேர்த்து அவர் அம்மா பச்சையம்மாள் பேசுவாள். வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருக்கும். பெண் பார்க்க வந்த அன்றே, "எங்க வம்சத்துல ஒருத்தன் போலீஸ் டேஷன் படி மிதிச்சதில்ல. பொண்ணு எடுக்கற எடமும் அப்டி இருக்கணும்" என்றாள். எங்கள் அம்மா பெருமையோடு தலையாட்டினாள்.

கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் கலைகிற நேரம். லாட்ஜில் தங்கியிருந்த ஒரு மெட்ராஸ் அம்மாவின் சங்கிலி காணவில்லை. அந்த அறையைப் பெருக்கியது அண்ணன். போலீஸ் எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்தது. சங்கிலி எங்கே இருக்கும், எடுத்திருந்தால்தானே! ஆனால் சோப்பும் சென்ட் பாட்டிலும் ஊதாத் துண்டும் இருந்தன.

"ரூம் பாய் வீட்ல இதெல்லாம் எப்டி வந்துச்சு?" என்றார் வந்த போலீஸ்காரர்.

அண்ணன் வழக்கத்தைச் சொன்னான். லாட்ஜ் முதலாளியைக் கேட்டார்கள். அந்தப் பாவி, "அப்டி ஒரு வழக்கம் எங்க லாட்ஜில கெடையாதுங்களே" என்று கையை விரித்துவிட்டான். நாங்கள் குளித்த சோப்பு எங்களுக்கே எதிர்ச் சாட்சியாக வந்து நின்றது.

அண்ணனை சப் ஜெயிலில் வைத்தார்கள். வக்கீல் ராஜேந்திரன் நல்ல மனுஷர், உள்ளதை உள்ளபடி சொன்னார். "எடுக்கலன்னு சொன்னா கேஸ் நடக்கும். வாய்தா மேல வாய்தா போவும். ஜெயிப்போம்னுதான் நெனைக்கிறேன். எப்போன்னு மட்டும் கேக்காதீங்கம்மா. அதுவரைக்கும் வெளிய இருக்கணும்னா ஜாமீன் வேணும். வீட்டு வரி ரசீதோட ரெண்டு பேரக் கூட்டிக்கினு வாங்க."

சொந்த வீடு இருக்கிற ஆட்கள் எங்களுக்கும் தெரிந்தவர்கள்தான். ஆனால் யாரிடம் வாய் திறந்தாலும் அடுத்த பஸ்ஸிலேயே சேதி கீழ்பென்னாத்தூர் போய்விடும். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றது. அம்மா ஒருத்தர் வாசலையும் மிதிக்கவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் பையன் மெட்ராஸுக்கு வேலை விஷயமாகப் போயிருக்கிறான் என்றாள்.

போலீஸ்காரர் அண்ணனுக்கு வேறு வழி காட்டினார். எடுத்தேன், விற்றுச் செலவழித்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டால், உள்ளே இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து, கொஞ்சம் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள். தை பிறந்ததும் வீட்டில் இருக்கலாம். இல்லை என்று சொன்னால் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். எடுத்தவனுக்கு வீடு, எடுக்காதவனுக்கு ஜெயில். எந்த ஊர் நியாயம் இது?

நான் போய்ப் பார்த்தேன். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது.

"ஒத்துக்காதண்ணா. கல்யாணம் கெடக்குது கழுத. இந்தத் தை இல்லன்னா அடுத்த தை."

"அடுத்த தைக்கி எவன் வருவான்? அண்ணன் ஜெயில்ல கீறான்னு தெரிஞ்சா எவன் வருவான் சொல்லு?"

"வரலன்னா போறான். நீ எடுக்கல இல்ல?"

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அண்ணாமலையாருக்குத் தெரியும். போதாதா? ஒரு வார்த்தைதான் அருணா. சொல்லிட்டு வந்து உன் கையில பொரி போடறேன்."

சொல்லிவிட்டுத்தான் வந்தான். பெண்ணுக்கு அண்ணன் தம்பிதான் மணவறையில் பொரி போட வேண்டும். சவரம் செய்த முகத்தோடு, புது வேட்டியில் வந்து என் கையில் பொரியை அள்ளிப் போட்டு, "கீழ்பென்னாத்தூருக்கு ஒரு டிக்கெட். ரிட்டர்ன் கெடையாது" என்று காதருகே சொன்னான். நான் அழுததைப் பார்த்துப் பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஒரு வார்த்தை என்றானே, அது லேசில் விடவில்லை. லாட்ஜ் வேலை போனது. சில வருஷம் கழித்து கவர்மெண்ட் பஸ் வேலைக்கு ஆர்டர் வருகிற நேரம், போலீஸ் விசாரணையில் பழைய தண்டனை தெரிந்து அதுவும் போனது. கடைசியில் ஒரு பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர் ஆனான். முதலாளி கோபித்தால் மறுநாள் வேலை இல்லை. ஒருநாளும் என்னிடம் குறைப்பட்டதில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் அந்த லாட்ஜை இடித்துக் கட்டினார்கள். பழைய பாத்ரூம் குழாயைக் கொத்தியபோது, சேறும் முடியுமாகச் சுருண்டு ஒரு சங்கிலி வந்தது. புகாரில் சொல்லியிருந்த அதே மயில் டாலர்! அன்று அண்ணன் கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டுக்குள் வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கெடச்சிடுச்சு அருணா! கொழாய்க்குள்ளயே இருந்திருக்குது! நேரா வக்கீல்கிட்ட போனேன். அப்பீல் போடலாமான்னு கேட்டா, 'ஒத்துக்கிட்டவனுக்கு ஏதுப்பா அப்பீல்? தண்டன ஜாஸ்தின்னு வேணா கேட்டிருக்கலாம், அதுதான் எப்பவோ முடிஞ்சிபோச்சே'ன்றாரு." சொல்லிக்கொண்டே சிரித்தான். அப்போதுதான் என் வீட்டுக்காரர் உள்ளறை வாசலில் நிற்பதைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"மாப்ள, உங்ககிட்ட ஒரு விஷயத்த மறச்சிட்டோம்..."

"எனக்குத் தெரியும் மச்சான். அன்னிக்கி நான் கோர்ட்ல இருந்தேன்."

அவர் நின்றபடியே மெதுவாகச் சொன்னார். கோர்ட்டுக்கு எதிர் டீக்கடைக்கு எண்ணெய் டின் போடுகிறவர் அவர்தான். கடைக்காரன் சேதி சொல்லியிருக்கிறான். தன் அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு, ஒரு சிநேகிதனையும் கூட்டிக்கொண்டு ஜாமீன் கொடுக்க வந்திருக்கிறார்.

"எம் மச்சான் அந்த மாதிரி ஆள் இல்லன்னு டீக்கடைக்காரன்கிட்ட சண்ட போட்டுட்டுதான் உள்ள வந்தேன். நீங்க கூண்டுல நின்னுக்கினு, 'ஆமாங்கய்யா, எடுத்தேன், வித்துட்டேன்'னு சொன்னீங்க."

"நம்பிட்டீங்களா மாப்ள?"

"நீங்களே சொல்றீங்களே மச்சான். அப்பறம் நான் யார நம்பறது?" சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "இத்தினி வருஷமா நீங்க வந்தா பீரோ சாவிய எடுத்து ஜோபில போட்டுக்குவேன். இன்னிக்கும் போட்டுக்கினுதான் வந்து நிக்கிறேன்."

"என்னை ஒரு வார்த்த கேக்க வாய் வரலியா உங்களுக்கு? ஒரே ஒரு வார்த்த!" என்று கத்தினேன்.

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். உங்கண்ணன உங்கிட்டயே காட்டிக்குடுக்கச் சொல்றியா?" என்றார்.

இவரைத் திட்டுவதா, கும்பிடுவதா? அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"திருடன்னு நம்பிட்டும் எந்தங்கச்சியக் கட்டிக்கினீங்களா?"

"அவளக் கட்டிக்கதான வந்தேன். அவ இன்னா பண்ணா?"

அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்லை. அப்பா செத்த அன்றுகூட அழாதவன். துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அப்போ நான் இல்லன்னே சொல்லியிருக்கலாம் அருணா" என்றான்.